துள்ளி இறங்கிய மாப்பிள்ளை

சித்தூரில் மாம்பழக் கூழ் ஆலை ஒன்றில் எனக்கு வேலை. வேலை என்பதைவிடச் சந்தேகம் என்று சொன்னால் பொருத்தமாக இருக்கும். டப்பாவில் அடைத்த கூழ் கப்பலேறி அரபு நாட்டுக்குப் போகுமுன், அடுக்கிலிருந்து டப்பாக்களை எடுத்து விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பேன். நல்ல டப்பா ஒரு மாதிரி ஒலிக்கும். உள்ளே நுரைத்துக் கெட்டது வேறு மாதிரி ஒலிக்கும். தட்டித் தட்டி, பால்காரர், பல் வைத்தியர், பக்கத்து வீட்டுக் கல்யாணப் பத்திரிகை என்று எல்லாவற்றையும் மனதுக்குள் தட்டிப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. "தாலி கட்டும்போது அதையே புரட்டிப் பாத்த ஆளு" என்பாள் என் மனைவி. அது பொய். புரட்டவில்லை. உற்றுப் பார்த்தேன், அவ்வளவுதான்.

இந்தக் குணத்துக்கு எங்கள் சொந்தத்தில் ஒரு பதவி உண்டு. பெண் கொடுப்பதற்கு முன் பையனைப் பற்றி விசாரிக்க ஓர் ஆளை அனுப்புவார்கள். ஜோசியர் நட்சத்திரத்தை விசாரிப்பார். இந்த ஆள் டீக்கடையை விசாரிப்பார். தாய்மாமன் என்றால் இன்னும் விசேஷம். அக்கா மகள்மேல் தாய்மாமனுக்குத்தான் முதல் உரிமை என்பது எங்கள் பக்கத்து வழக்கு. எனக்கு எப்போதோ கல்யாணம் ஆகிவிட்டதால், கையில் மிஞ்சியிருந்தது சந்தேகப்படும் உரிமை மட்டும்.

விசாரிப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. நேராகக் கேட்டால் யாரும் சொல்லமாட்டார்கள். பெரிய பொய் ஒன்றைத் தூக்கிப் போட வேண்டும். எதிராளி பதறி மறுக்கும்போது ஒரு சின்ன உண்மை உதிரும். அதைப் பொறுக்கிக்கொண்டு வந்துவிட வேண்டும். "பையன் குடிப்பானாமே?" என்றால், "சேச்சே, பீடி மட்டுந்தாங்க" என்று வரும். பல மாப்பிள்ளைகளின் பீடியை நான் இப்படித்தான் கண்டுபிடித்தேன்.

தனியார் விமானக் கம்பெனிகள் ஒவ்வொன்றாக முளைத்துக்கொண்டிருந்த காலம். அதற்கு முன் எங்கள் பக்கத்து மாப்பிள்ளைகள் வாத்தியார், கண்டக்டர், மிஞ்சிப்போனால் பேங்க். திடீரென்று பெங்களூர், துபாய், குவைத் என்று மாப்பிள்ளைகளுக்குப் பின்னால் ஊர்ப்பெயர்கள் ஒட்டிக்கொண்டன. அக்கா மகளுக்கு வந்த வரனுக்குப் பின்னால் ஊரே இல்லை. ஆகாயம் இருந்தது. "பையன் பைலட்டு" என்றார் தரகர்.

நகரியில் பவர்லூம் ஓட்டும் குடும்பம். மூத்த மகன் குவைத்தில் ஏசி மெக்கானிக். அவன் அங்கே பிறர் வீட்டைக் குளிர வைத்து அனுப்பியதில், தம்பி திருப்பதிக்கு வெளியே ரேணிகுண்டா பக்கம் இருந்த ஒரு தனியார் பள்ளியில் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தான். அந்தப் பள்ளி இப்போது இல்லை.

எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பெண் பார்க்க நாள்கூடக் குறித்தாகிவிட்டது. அப்போதுதான் குடிபாலாவிலிருந்து அக்கா என்னை அவசரமாக வரச் சொன்னாள்.

"ஏரோப்ளேன தரையில போட்டு ஒடச்சிட்டானாம்டா. ரேணிகுண்டாவுல என் ஓர்ப்படி தம்பி பாத்துட்டு வந்து சொல்றான். மூக்கு பூமியில குத்திக்கினு நிக்கிதாம். பைக்குலருந்து வுழுந்தவனுக்கே பொண்ணு குடுக்க யோசிக்கிறோம்."

"பையனுக்கு அடி?"

"ஒரு கீறல் இல்லியாம். அதான் எனக்கு சந்தேகமா கீது."

நானும் அக்காவும் ஒரே அடுக்கில் இருந்து எடுத்த டப்பாக்கள்.

அக்கா மகள் திருப்பதியில் ஹாஸ்டலில் தங்கி எம்.சி.ஏ. படித்துக்கொண்டிருந்தாள். லீவுக்கு வந்திருந்தாள். பையனின் போட்டோ இன்னும் அவளுடைய புத்தகத்துக்குள் இருந்தது என்பதைக் கவனித்தேன். அக்கா அந்தப் பக்கம் போனதும் அவள் என் அருகில் வந்து உட்கார்ந்தாள்.

"மாமா, எனக்கு அவர புடிச்சிக்கீது. வுழுந்துச்சி, ஒடஞ்சிச்சி, அதெல்லாம் பரவால்ல. ஆனா ஒரு வார்த்த யாரும் சொல்லல பாரு. நீ ஒண்ணே ஒண்ணு விசாரிச்சிக்கினு வா. அவரு பொய் சொல்ற ஆளான்னு. பொய் சொல்றவருன்னா வோணாம். எனக்கு அது தெரிஞ்சா போதும்."

ஒருவன் பொய்யனா என்று கண்டுபிடித்து வர, பொய் சொல்வதையே முறையாக வைத்திருந்த என்னை அனுப்பினாள்.

போவதற்கு முன் கொஞ்சம் படித்துக்கொள்ளலாம் என்று சித்தூர் நூலகத்துக்குப் போனேன். விமானம் பற்றி ஒரே ஒரு புத்தகம் இருந்தது. போர் விமானங்களைப் பற்றியது. குண்டு போடுவது எப்படி என்று விளக்கமாக இருந்தது. போட்டுவிட்டு எப்படி இறங்குவது என்பதைப் பற்றி அதை எழுதியவருக்கு அக்கறை இருந்ததாகத் தெரியவில்லை.

அந்தப் பள்ளியின் வேலிக்கு எதிரே ஒரு டீக்கடை. ஆகாயத்தைப் பார்த்தபடி பெஞ்சு போட்டிருந்தார்கள். விமானம் என்றால் சினிமாவில் வருவது போல இருக்கும் என்று நினைத்திருந்தேன். இது அம்பாசடர் காருக்கு இறக்கை ஒட்டியது போல இருந்தது. ஒரே இஞ்சின், முன்னால் ஒரு காற்றாடி, இரண்டு பேர் தோளோடு தோள் இடித்து உட்காரும் இடம். ஒன்று மேலே போய், வட்டம் போட்டு, தரையில் சக்கரத்தை வைத்துவிட்டு மறுபடி மேலே போனது. அது இறங்கும் ஒவ்வொரு முறையும் பெஞ்சில் இருந்தவர்கள் கிளாஸை உதட்டருகே நிறுத்திவைத்துப் பார்த்தார்கள். தரையில் பட்டு ஓடியதும் உறிஞ்சினார்கள். கொஞ்சம் ஏமாற்றத்தோடுதான் உறிஞ்சினார்கள் என்று எனக்குத் தோன்றியது.

உடைந்த விமானம் கொட்டகை ஓரத்தில் நின்றது. தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள், தார்ப்பாய் போதவில்லை. முன்சக்கரம் இல்லாமல் மூக்கைத் தரையில் ஊன்றி, வாலைத் தூக்கிக்கொண்டு, எருமை தண்ணீர் குடிப்பது போல நின்றது. காற்றாடியின் இரண்டு முனைகளும் காய்ந்த கற்றாழை மடல் மாதிரி பின்பக்கம் மடங்கியிருந்தன.

என்னைத் தவிர இன்னொருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை, பையில் சீப்பு, மடியில் மஞ்சள் பை. பார்த்த பார்வையில் ஒரு சொந்தம் இருந்தது. இந்த இடத்து ஆள் என்று முடிவு செய்தேன்.

"அண்ணா, இங்கதான் வேலையா?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஆமா, இஞ்சினு ஆயில் சப்ளை. நீங்க?"

வேலிக்குள்ளே விமானத்தை விட்டால் கண்ணில் பட்டது புல் மட்டும்தான். "உள்ள புல்லு வெட்டுற காண்ட்ராக்டு என்னுது."

"அப்போ உங்களுக்குத் தெரியாதது இன்னா இருக்கப் போவுது" என்று நெருங்கி உட்கார்ந்தார்.

"ஆயில் ஊத்துறவருக்குத் தெரியாததா எனக்குத் தெரியப் போவுது" என்று நானும் நெருங்கினேன்.

கொஞ்ச நேரம் வெயிலைப் பற்றிப் பேசினோம். பிறகு, தூண்டிலைப் போட்டேன். "இத ஒடச்ச நகரிப் பையன், அன்னிக்கி தண்ணி போட்டுக்கினு ஏறிட்டானாமே?"

'சேச்சே' என்று வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அவர் முகம் ஒரு கணம் வெளுத்தது. உடனே, தெரியாது என்று காட்டிக்கொள்ள விரும்பாத மனிதரின் தலையாட்டல் வந்தது. "ம். அதுவும் காதுல வுழுந்துச்சி."

அதுவும்! 'அதுவும்' என்றால் இன்னொன்று இருக்கிறது.

அவர் குரலைத் தாழ்த்தினார். "ஆனா எனக்கு வந்த சேதி வேற. ஒரு பொண்ணு விவகாரமாமே? அந்த நெனப்புலயே தரைய பாக்காம எறக்கிட்டானாமே?"

புல் காண்ட்ராக்டருக்கு இது தெரியாமல் இருக்கலாமா? "ஊருக்கே தெரிஞ்ச கத ஆச்சே" என்றேன்.

இந்தப் பதிலில் அவர் அதிர்ந்திருப்பார் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. அன்று இரண்டு பேரும், எல்லாம் தெரிந்தவர்களாக, ஆளுக்கொரு பெருமூச்சு விட்டோம்.

டீக்கடை அம்மாள் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "மிம்மல்னி எப்புடூ சூடலேதே?" என்றார் தெலுங்கில். உங்களை இதற்கு முன் இங்கே பார்த்ததே இல்லையே என்று. இரண்டு பேரும் ஒரே சமயத்தில் எழுந்துகொண்டோம். அவர் திருச்சானூர் போகும் ஷேர் ஆட்டோவில் ஏறினார். நான் வேண்டுமென்றே அடுத்த ஆட்டோவுக்குக் காத்திருந்தேன். ஒரே ஆட்டோவில் போனால் சந்தேகம் வரும்.

குடிபாலாவில் என் அறிக்கையைச் சமர்ப்பித்தேன். குடி இருக்கலாம்; பெண் நிச்சயம்.

"யாரு சொன்னது?" என்றாள் அக்கா மகள்.

"ஆயில் சப்ளை பண்றவரு. உள்ளாளு."

"ஆயிலு ஊத்துறப்போ இஞ்சினு சொல்லிச்சா அவருக்கு?"

கிண்டல்தான். ஆனால் குரல் சரியாக இல்லை. புத்தகத்திலிருந்து போட்டோவை எடுத்து மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போனாள். அவளைத் தேற்றுவதற்கு என்னிடம் ஆதாரம் எதுவும் இல்லை. விசாரணையில் அதைச் சேகரிக்கும் வழக்கம் கிடையாது.

மறுநாள் நகரியிலிருந்து போன். பையனின் அப்பா பேசினார். "குறிச்ச நாளுக்கு வந்துடறோம். ஆனா வந்து கொஞ்சம் வெளிப்படையா பேசணும்." அக்கா ரிசீவரை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இன்னாடா இது? மாட்டிக்கினவன் பேசற மாதிரி இல்ல. நம்மள புடிச்சிட்டவன் பேசற மாதிரி கீது."

வேண்டாம் என்று சொல்லிவிடலாம். ஆனால் குறித்த நாளை நிறுத்தினால், ஏன் நின்றது என்று ஊர் கேட்கும். ஊருக்குப் பதில் சொல்வதைவிட அவர்களுக்கு பஜ்ஜி போடுவது சுலபம் என்று அக்கா தீர்மானித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வேன் வந்து நின்றது. பையனின் நைனா, அதாவது அப்பா, இறங்கினார், அம்மா இறங்கினார், பையன் இறங்கினான். கடைசியாக ஒரு வெள்ளைச் சட்டை இறங்கியது. பையில் சீப்பு.

"இவரு பையனோட சித்தப்பா" என்றார் தரகர்.

"இவரு பொண்ணோட தாய்மாமன்" என்றார் என் மாமா, அக்காவின் கணவர்.

இருவரும் கும்பிட்டோம். கும்பிட்ட கைகள் கொஞ்ச நேரம் பிரியவே இல்லை. கால் கழுவும் சாக்கில் அவரைப் பின்புறக் குழாயடிக்கு அழைத்துப் போனேன்.

"நீங்க புல்லு காண்ட்ராக்டர் இல்ல?" என்றார் பல்லைக் கடித்தபடி.

"நீங்க ஆயிலு இல்ல?"

"எங்க அண்ணன்தான் அனுப்பிச்சாரு. பையன் 'சின்ன ரிப்பேரு'ன்னு சொல்லிட்டு வாயே தொறக்கல. உண்ம இன்னான்னு பாத்துக்கினு வாடான்னாரு. நீங்க குடின்னு சொன்னதும் எனக்கு உசுரே போச்சி, சம்மந்தி."

"அது சும்மா. நீங்க 'இல்ல'ன்னு சொல்லுவீங்கன்னு போட்டேன். பொண்ணு விவகாரம்?"

"அதுவும் சும்மா. நீங்க 'இல்ல'ன்னு சொல்லுவீங்கன்னு போட்டேன்."

குழாய் ஓடிக்கொண்டிருந்தது. "வூட்டுல சொல்லிட்டீங்களா?" என்றேன்.

"குடிய மட்டும் அன்னிக்கே சொல்லிட்டேன். நீங்க?"

"அன்னிக்கே."

யாரும் வாயைத் திறப்பதில்லை என்று ஒப்பந்தம் செய்துகொண்டோம். அவர் திறந்துவிடுவார் என்று எனக்குச் சந்தேகம். அவர் என்னைப் பார்த்த பார்வையிலும் அதே சந்தேகம் தெரிந்தது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் காவல் காத்தபடி கூடத்துக்கு வந்தோம்.

கூடத்தில் பஜ்ஜி ஆறிக்கொண்டிருந்தது. யாரும் தின்னவில்லை. அக்கா மகள் காப்பி கொண்டு வந்து கொடுத்தாள். கொடுத்துவிட்டு உள்ளே போகாமல், அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றாள்.

"ஏரோப்ளேன் எப்படி ஒடஞ்சிச்சி?" என்றாள் பையனைப் பார்த்து.

தரகருக்குப் புரையேறியது. பையன் டம்ளரைக் கீழே வைத்தான்.

"நான் ஒண்டியா ஓட்டிக்கினு வந்தேன். எறங்கும்போது வேகம் ஜாஸ்தி. சக்கரம் தரையில பட்டதும் எகிறிச்சி. அப்படி எகிறினா மூக்க கீழ அமுக்கக் கூடாது. நான் அமுக்கிட்டேன். ரெண்டாவது வாட்டி இன்னும் பெருசா எகிறிச்சி. மறுபடி அமுக்கினேன். மூணாவதுல முன்சக்கரம் போச்சி. காத்தாடி தரையில அடிச்சி நின்னுச்சி."

"அமுக்காம இன்னா பண்ணணும்?"

"மொத வாட்டி எகிறினதுமே முழு பவர் குடுத்து மேல ஏறிடணும். ஒரு ரவுண்டு சுத்திக்கினு வந்து, நிதானமா மறுபடி எறங்கணும்."

"தெரிஞ்சிக்கினே ஏன் பண்ணல?"

"வேலியாண்ட டீக்கடையில எல்லாரும் பாத்துக்கினு இருந்தாங்க. மேல போனா 'பயந்துக்கினான்'னு சிரிப்பாங்க. எப்படியாச்சும் எறக்கிடணும்னு தோணிப்போச்சி."

எனக்கு ஒப்பவில்லை. இவ்வளவு நேராக ஒருவன் பேசினால் உள்ளே ஏதோ நுரைத்திருக்க வேண்டும். தப்பிக்க ஒரு வழி திறந்துவிட்டுப் பார்க்கலாம் என்று தோன்றியது. "அன்னிக்கி காத்து பலமா இருந்துச்சோ என்னமோ. காத்து தள்ளினா நீங்க இன்னா பண்ணுவீங்க, பாவம்" என்றேன்.

"இல்லீங்க மாமா. அன்னிக்கி காத்தே இல்ல."

முட்டியால் தட்டினால் நல்ல டப்பா ஒலிக்கும் ஒலி எனக்குத் தெரியும். ஆனாலும் வெளியில் காட்டிக்கொள்ளவில்லை.

"ஏன் முன்னாடியே சொல்லல?" அக்கா மகள் விடவில்லை.

"தரகர் வோணாம்னாரு. நைனாகிட்ட ரிப்பேருன்னு சொன்னேன். அது தப்பு. நீங்க கேட்டா சொல்லிடணும்னுதான் வந்தேன்."

"சரி. அந்தப் பொண்ணு யாரு?"

"எந்தப் பொண்ணு?" பையன் நிஜமாகவே திரும்பித் தன் அம்மாவைப் பார்த்தான்.

அவனுடைய நைனா குறுக்கிட்டார். "பொண்ணு கிண்ணு ஒண்ணும் கிடையாது. குடிச்சிட்டு ஏறினான்னு ஒரு பேச்சி கீது. அதத்தான் வெளிப்படையா பேசணும்னேன்."

"குடியா? எனக்கு நாத்தமே ஆவாது" என்றான் பையன். "யாரு சொன்னது?"

"உள்ள புல்லு வெட்டுற காண்ட்ராக்டரே சொல்லிக்கீறாரு, உன் சித்தப்பன்கிட்ட."

"எங்களுக்கு ஆயில் சப்ளைகாரரே சொன்னாரு, என் தம்பிகிட்ட" என்றாள் அக்கா, தோற்காமல்.

"அங்க காண்ட்ராக்டர்னு யாரும் இல்லியே" என்றான் பையன் குழம்பிப்போய். "புல்ல நாங்கதான் வெட்டுறோம். ஆயிலு டிரம்மு மெட்ராஸ்லருந்து லாரியில வருது."

நான் பஜ்ஜித் தட்டை ஆராய்ந்தேன். சித்தப்பாவும் அதே தட்டைத்தான் ஆராய்ந்துகொண்டிருந்தார். அக்கா மகள் என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள். அவள் படிப்பது கம்ப்யூட்டர். கணக்குப் போட நேரமாகவில்லை.

"மாமா, நீதான் புல்லா?"

அதன்பிறகு கொஞ்ச நேரம் கூடத்தில் நடந்ததை எழுத வேண்டிய அவசியமில்லை. அக்கா என்னைச் சொன்ன வார்த்தைகள் அச்சுக்கு ஆகாதவை. சித்தப்பாவை அவர் அண்ணன் தெலுங்கில் திட்டினார், நாகரிகம் கருதி. பையன் மட்டும் சிரித்துவிட்டான். அவன் சிரித்ததைப் பார்த்து அக்கா மகளும் சிரித்தாள்.

சிரிப்பு வந்ததும் பெரியவர்களுக்கு அவசரம் வந்துவிட்டது. வெட்கத்தை மூட வேண்டும் என்றால் சுபகாரியத்தைவிட நல்ல தார்ப்பாய் கிடையாது. "தப்பா நெனச்சிட்டோம், நல்லதா முடிச்சிடலாம்" என்றார் பையனின் நைனா. "இன்னிக்கே பாக்கு வெத்தல மாத்திக்கலாம்" என்றார் மாமா. தட்டு வந்தது, வெற்றிலை வந்தது. நானே எழுந்து வாழைப்பழச் சீப்பைத் தட்டில் வைத்தேன். என் மீதிருந்த கண்கள் அதன்மேல் போகட்டும் என்று.

"இரு நைனா" என்றாள் அக்கா மகள் தன் அப்பாவிடம். "அமுக்காதீங்க."

தட்டு பாதி வழியில் நின்றது.

"எனக்கு அவர புடிச்சிக்கீது. அத எல்லாருக்கும் முன்னாடியே சொல்றேன். ஆனா இன்னிக்கி இங்க எல்லாமே எகிறி எகிறி வுழுந்துகினு கீது. மேல போய் ஒரு ரவுண்டு சுத்திக்கினு வரலாம்." பையன் பக்கம் திரும்பினாள். "மறுபடியும் ஒண்டியா பறக்க வுடுவாங்களா?"

"வாத்தியாரு கூட உக்காந்து செக் பண்ணிட்டு வுடுவாரு."

"அன்னிக்கி நான் வந்து பாக்குறேன். அதுக்கப்புறம் தட்டு."

"எறக்கலன்னா?" என்றாள் அக்கா பதறி.

அவள் தட்டிலிருந்த பழச் சீப்பை எடுத்து ஓரமாக வைத்தாள். பையன் தலையை ஆட்டினான்.

அந்த நாள் வந்தபோது அவளுடன் நான்தான் போனேன். அக்கா என்னை நம்பி அனுப்பவில்லை. என்னைத் தவிர வேறு ஆள் கிடைக்கவில்லை. டீக்கடை பெஞ்சில் வெள்ளைச் சட்டை ஏற்கெனவே உட்கார்ந்திருந்தது. நகர்ந்து இடம் கொடுத்தது. டீக்கடை அம்மாள் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, "இன்னிக்கி இன்னா வேலைக்கு வந்துக்கீறீங்க?" என்று இந்த முறை தமிழிலேயே கேட்டார். புல் வளர்ந்திருக்கிறதா என்று பார்க்க வந்தோம் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

அந்த அம்பாசடர் மேலே போனது. மலைப்பக்கம் திரும்பி, சின்னதாகி, மறுபடி எங்களை நோக்கி வந்தது. பெஞ்சில் கிளாஸ்கள் உதட்டருகே நின்றன. அக்கா மகள் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். வேகம் அதிகமோ என்று எனக்குச் சந்தேகம். அதிகம்தான் என்று சித்தப்பா கிளாஸைக் கீழே வைத்தார். சக்கரம் தரையில் பட்டது. எகிறியது.

"போச்சி" என்றார் சித்தப்பா.

இஞ்சின் உறுமியது. மூக்கு கீழே வரவில்லை. விமானம் தள்ளாடி, நிமிர்ந்து, எங்கள் தலைக்கு மேலே மெல்ல ஏறிப் போனது. பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். "பயபட்டாடுரா" என்று ஒரு குரல். பயந்துவிட்டானாம்.

அக்கா மகள் அந்தக் குரல் வந்த பக்கம் திரும்பவே இல்லை. விமானம் போன பக்கத்தைப் பார்த்துக்கொண்டு, "நாலு டீ போடுங்கம்மா. அவரு எறங்கி வர்றதுக்குள்ள ரெடியாவட்டும்" என்றாள்.

அது சுற்றி வர எடுத்துக்கொண்ட நேரத்தில் எனக்குத் தெரிந்த சாமிகளையெல்லாம் ஒருமுறை விசாரித்துவிட்டேன். இஞ்சின் சத்தம் மறுபடி கிட்டே வந்தது. கண்ணை மூடிக்கொண்டேன். சித்தப்பா என் கையைப் பிடித்தார். அவரும் மூடியிருக்க வேண்டும். சத்தம் தாழ்ந்தது. எங்கோ ரப்பர் தேயும் ஒரு சின்ன முனகல். பிறகு ஒன்றும் இல்லை.

"எறங்கியாச்சி மாமா" என்றாள். "கண்ணத் தொற."

ஒரு கண்ணை மட்டும் திறந்தேன்.